தலைவர் பெயர் கீறிய பெஞ்சு

அரசு உயர்நிலைப் பள்ளி நூற்றாண்டு விழாவுக்குக் கலெக்டர் அருள்மணி வருகிறார் என்றதுமே ஊராட்சித் தலைவர் சடையாண்டிக்கு வயிறு எரிந்தது. கூடப் படித்த பயலாயிற்றே! பேனரில் அவன் முகத்தைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

வரவேற்புரை பேசவிருந்த மாணவி பவளக்கொடியைக் கூப்பிட்டார். "ஏ புள்ள, படிக்கிற காலத்துல அவனைவிட நான்தான் ஒசத்தின்னு மேடையில சொல்லணும். இல்லேன்னா ஸ்கூலுக்குத் தண்ணி வராது!"

"உண்மையைத் தேடிப் பார்த்தே சொல்லிடுறேங்க."

விழாவில் மைக்கைப் பிடித்தாள். "எங்க ஒன்பதாம் வகுப்பு பெஞ்சுல அந்தக் காலத்துல காம்பஸால வருஷத்தோட கீறின பேரெல்லாம் இருக்கு. கலெக்டர் ஐயா பேரு ஒரே ஒரு வருஷம்தான். நம்ம தலைவர் பேரு அடுத்தடுத்து மூணு வருஷம் இருக்கு!"

அவனைவிட அதிகம் என்று காதில் விழுந்ததுமே சடையாண்டிதான் முதலில் கைதட்டினார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தபோதுதான், அந்த பெஞ்சைவிட்டுத் தாம் ஏன் நகரவில்லை என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.