முக்கடல் கொண்ட எண்ணெய் வியாபாரி

வந்து உட்காருங்கள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால். சொல்லப் போவது கேட்டவர் திடுக்கிடும் கதை. நடுவில் எழுந்து போகிற உத்தேசம் உள்ளவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

முன்பொரு காலத்தில் கடம்பவாயில் என்று ஒரு நாடு இருந்தது. எந்தத் திசையில் நடந்தாலும் மலைதான் வரும், கடல் வராது. அப்படிப்பட்ட நாட்டை ஆண்ட விசயகண்ட மகாராஜாவுக்கு 'முக்கடல் கொண்டான்' என்று பட்டம். அவருடைய தகப்பனாருக்கும் அதே பட்டம்தான். எந்தக் கடல், எப்போது கொண்டார் என்று கேட்கிற தைரியம் அந்த நாட்டில் ஒருவருக்கும் இல்லை.

மகாராஜா வெளியே புறப்பட்டால் முன்னால் வெள்ளித்தடி பிடித்து ஒருவர் நடப்பார். "பராக்! பராக்!" என்று கூவி ஜனங்களை விலக்குவார். "முக்கடல் கொண்டான் வருகிறார்! முந்நூறு போர் வென்றான் வருகிறார்! மும்முடி சூடினான் வருகிறார்!" என்று முழங்குவார். அவர்தான் கட்டியக்காரர். பெயர் தில்லைவிடங்கர்.

குரல் என்றால் சாதாரணக் குரல் இல்லை. ராஜவீதி முனையில் அவர் வாயைத் திறந்தால் கோயில் வாசலில் புறாக்கள் பறக்கும். மீசை முளைத்த வயதில் தடியைப் பிடித்தவர், மீசை வெளுத்த பிறகும் அதைக் கீழே வைக்கவில்லை.

ஒருநாள் காலையில் பிரதானி அவரைக் கூப்பிட்டார். மேசைமேல் பளபளவென்று ஒரு பித்தளைக் கொம்பு இருந்தது.

"இது தூர தேசத்திலிருந்து வந்திருக்கிறது. இதற்குச் சளி பிடிக்காது, வயதும் ஆகாது. நாளை முதல் இது போதும். தடியை வைத்துவிட்டுப் போகலாம்" என்றார் பிரதானி.

தில்லைவிடங்கருக்குத் தலையில் இடி விழுந்தது போல் ஆயிற்று. ஆனாலும் அவர் வாய் என்ன சொன்னது தெரியுமா? "தங்கள் சித்தம்" என்றது! பிழைப்பே போகிற நேரத்தில்கூட அந்த வாய்க்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

வெறுங்கையோடு தெருவில் இறங்கினார். தினமும் அவரைக் கண்டு எழுந்து நின்ற வெற்றிலைக் கடைக்காரர் இன்று எழுந்திருக்கவில்லை. "யாரு, அசலூரா?" என்று கேட்டார். அத்தனை வருஷமும் அந்த மனிதர் எழுந்து நின்றது தடிக்குத்தான் என்று அப்போதுதான் தில்லைவிடங்கருக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டார்.

அவர் மனைவி பிச்சம்மை ஒருநாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் போர்வையை உருவினார்.

"ஏங்க, ராசாவுக்கு மட்டும்தான் பேரு இருக்கா? இந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரு பேரு இருக்கு. அதைச் சத்தமாச் சொல்லக் கேக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? எந்திரிங்க. கூப்பிட்ட வீட்டுக்குப் போய்க் கட்டியம் கூறுங்க, கூலி வாங்கிக்கிட்டு வாங்க!"

கட்டியக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "இந்த வயசுலயா? வாசல் வாசலாவா?"

"வயசு உங்களுக்குத்தானே ஆச்சு, தொண்டைக்கு ஆகலையே" என்றார் பிச்சம்மை.

அப்படித்தான் தொடங்கியது அவருடைய சொந்தத் தொழில்.

முதலில் கூப்பிட்டவர் சந்தையில் மோர் விற்கும் கனகவல்லி. தில்லைவிடங்கர் அவருடைய மோரையும், தாளிப்பையும், தாராளமான கையையும் சொல்லிக் கூவினார். கூட்டம் மொய்த்தது. கூவி முடித்ததும் கைகட்டித் தலை குனிந்து நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அரண்மனையில் "போகலாம்" என்று சொன்னால்தானே போக முடியும்? கனகவல்லிக்கு அந்த வழக்கமெல்லாம் எப்படித் தெரியும்? பானை காலியானதும் அவர் பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். பொழுது சாயும்வரை வெயிலில் நின்ற புருஷனைப் பிச்சம்மை வந்துதான் இழுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவதாகக் கூப்பிட்டவர் சலவைக்காரர் மாடசாமி, பேரனுக்குக் காதுகுத்து. கட்டியம் பிரமாதம். "என்ன கூலி வேணும், சொல்லுங்க ஐயா" என்று கேட்டார் மாடசாமி. "தங்கள் சித்தம்" என்றார் நம் ஆள். மாடசாமி யோசித்தார். கொல்லைப்புறம் போனார். ஒரு பூசணிக்காயோடு வந்தார்.

பிச்சம்மை அந்தப் பூசணிக்காயை வெகுநேரம் பார்த்தார். "இன்னைக்குக் குழம்பு ஆச்சு. நாளைக்கு யாரோட சித்தத்தை அரியட்டும்?" என்று கேட்டார்.

மூன்றாவதாகக் கூப்பிட்டவர் எண்ணெய் வியாபாரி மயிலேறும்பெருமாள். ஒரே மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் மகளைப் பல்லக்கில் ஏற்றி, தான் முன்னால் நடந்து ஊர்வலம் போக வேண்டும், தனக்கும் முன்னால் ஒருவர் கட்டியம் கூற வேண்டும் என்று அவருக்கு ஆசை. "ஊர்வலத்துக்கு முந்தின நாளே வந்திருங்க. வீட்டையும் எங்களையும் பாத்து, உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க" என்றார். தில்லைவிடங்கரும் போனார், பார்த்தார், நல்ல நல்ல வாசகமாக யோசித்து மனப்பாடம் செய்துகொண்டார்.

இந்த முறை கூலியை முன்னதாகவே பேசியாயிற்று. பிச்சம்மைதான் பேசினார்.

விடிந்தது. மேளம் முழங்கியது. தலையில் புதுத் தலைப்பாகை, கையில் வியாபாரி கொடுத்த வெள்ளிப்பூண் போட்ட தடி. ஊர்வலம் ராஜவீதி முனைக்கு வந்தது. ஆமாம், அதே முனை. தில்லைவிடங்கர் மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார்.

"பராக்! பராக்! முக்கடல் கொண்டான் வருகிறார்! முந்நூறு போர் வென்றான் வருகிறார்! மும்முடி சூடினான் வருகிறார்!"

மேளம் நின்றது. நாதஸ்வரக்காரரின் வாயில் சீவாளி அப்படியே இருந்தது, சத்தம் வரவில்லை. பல்லக்குத் தூக்கிகள் கல்லாய்ச் சமைந்தார்கள். மயிலேறும்பெருமாளின் முகத்தில் ஈயாடவில்லை.

சொன்னது தன் வாய்தான் என்பதையே தில்லைவிடங்கரால் நம்ப முடியவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பயன்? ஓடி வந்தார்கள் காவலர்கள். "கடம்பவாயிலில் இன்னொரு மகாராஜாவா?" என்று எண்ணெய் வியாபாரியின் கையைப் பின்னால் கட்டினார்கள். பட்டுப்புடவையோடு மகள் பல்லக்கிலிருந்து குதித்து ஓடி வந்து தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டாள். அவளையும் தள்ளிவிட்டு இழுத்துக்கொண்டு போனார்கள்.

கட்டியக்காரரை ஒருவரும் தொடவில்லை. ஏன் தெரியுமா? அந்த நாட்டுச் சட்டம் அப்படி. கட்டியம் கூறுகிற வாய் கட்டியக்காரனுடையது இல்லை, எஜமானுடையது. பட்டம் பொய்யானால் தலை போக வேண்டியது பட்டம் பெற்றவருக்குத்தான். மன்னர் பட்டத்தைத் திருடினால் தண்டனை பொழுது சாய்வதற்குள் சிரச்சேதம்.

"தப்பிச்சீங்க ஐயா, பேசாம வீட்டுக்குப் போயிருங்க" என்று மேளக்காரர்கள் காதில் சொன்னார்கள்.

தில்லைவிடங்கர் வீட்டுப் பக்கம் நாலு அடி வைத்தார். கல்யாணப் பந்தலில் வெந்துகொண்டிருந்த சோற்றின் வாசனை வந்தது. செய்தது தான், சாகப் போவது இன்னொருவர். அந்த நினைப்போடு இன்னும் ஒரு வாய் சோறு இறங்குமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தார். இறங்காது என்று தெரிந்தது. திரும்பி அரண்மனையைப் பார்த்து ஓடினார்.

சபையில் மகாராஜா வீற்றிருந்தார். மயிலேறும்பெருமாள் தரையில் மண்டியிட்டிருந்தார். தில்லைவிடங்கர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மகாராஜா, இவர்மேல் குற்றம் இல்லை. வாய் தவறியது எனக்கு. தலை போக வேண்டுமென்றால் என் தலை போகட்டும்."

பிரதானி சிரித்தார். "சட்டம் தெரியாதா? உம்முடைய வாய் உம்முடையது இல்லை."

"அது இங்கே சம்பளம் வாங்கிய காலத்தில். நீங்கள்தான் என்னை அனுப்பிவிட்டீர்களே! இப்போது நான் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். இந்த வாய் என்னுடையது. இது செய்கிற தப்பும் என்னுடையது."

தானாக வந்து தலையை நீட்டுகிற மனிதரை அந்தச் சபை அதுவரை கண்டதில்லை.

மகாராஜா குனிந்து பார்த்தார். "உன் வாய் உன்னுடையதுதான் என்றால், அதை நிரூபி. யாரும் எழுதிக் கொடுக்காத கட்டியம் ஒன்றை இந்த வியாபாரிக்கு இங்கேயே கூறு. நீ கண்ணால் கண்டதை மட்டும் சொல். ஒரு வார்த்தை பொய்யானாலும் இரண்டு தலையும் போகும். எல்லாம் மெய்யானால் இரண்டும் பிழைக்கும்."

தில்லைவிடங்கருக்கு மனப்பாடம் செய்த வாசகம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தாலும் சொல்ல முடியாது. அவையெல்லாம் அழகுக்காகச் சேர்த்தவை. அவர் மயிலேறும்பெருமாளைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். நேற்று முதல் கண்ணில் பட்டவை ஒவ்வொன்றாக வந்தன.

"பராக்! பல்லக்குத் தூக்கிகளின் வயிறு நிறைந்த பிறகே மாப்பிள்ளை வீட்டாருக்கு இலை போட்டவர் இவர்!"

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற பல்லக்குத் தூக்கி ஒருவர், "மெய்தான், சாமி!" என்று கத்தினார்.

"பராக்! மகள் பல்லக்கு ஏறும்போது அழுதுவிட்டு, அடுப்புப் புகை என்று பொய் சொன்னவர் இவர்!"

மயிலேறும்பெருமாள் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆமாம் என்று ஆட்டினார்.

"பராக்! பந்தலில் முன்வரிசை விளக்குக்கு நல்ல எண்ணெயும், யாரும் பார்க்காத பின்வரிசை விளக்குக்குக் கசண்டும் ஊற்றியவர் இவர்!"

சபை திடுக்கிட்டது. கூலி கொடுத்தவரின் குறையைக் கட்டியமாகக் கூவிய கட்டியக்காரர் உலகத்தில் உண்டா? கைகட்டு அவிழாத நிலையிலேயே மயிலேறும்பெருமாள், "ஐயோ, அதுவும் மெய்தானுங்க மகாராஜா! அடியில நின்ன எண்ணெய், கொட்ட மனசு வரல" என்று அலறினார்.

மகாராஜா சிரித்துவிட்டார். "அவிழ்த்து விடுங்கள்" என்றார். கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் சிரிப்பு வந்த ஜோரில் மகாராஜாவுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது.

"இப்போது எனக்குச் சொல். நீ கண்டதை மட்டும்."

பிரதானியின் முகம் வெளுத்தது. தில்லைவிடங்கர் வாயைத் திறந்தார்.

"மகாராஜா, என்னிடம் ஒன்றும் இல்லை."

"இத்தனை வருஷம் எனக்குக் கட்டியம் கூறியவன் நீ!"

"உங்களுக்கு முன்னால் நடந்தேன், மகாராஜா. என் முதுகுதான் உங்கள் பக்கம் இருந்தது. தங்கள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் இன்றுதான் பார்க்கிறேன்."

மகாராஜா அந்த வார்த்தையைக் கேட்டு அடிபட்டவர் போல் சிம்மாசனத்தில் சாய்ந்தார். அவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. அங்கே ஒருவராவது தன் முகத்தைப் பார்த்திருக்கிறார்களா என்று அவர் தேடினார் போலும்.

பிறகு மெதுவாகக் கேட்டார். "அரண்மனையில் வந்து தங்கு. என்னைப் பார். பார்த்துவிட்டுச் சொல். வருவாயா?"

"வருகிறேன், மகாராஜா. சேவகத்துக்கு அல்ல, கூலி பேசிக்கொண்டு வருகிறேன். கண்டது எதுவோ, அதைத்தான் கூவுவேன். ராஜவீதி முனையில் நின்று கூவுவேன்."

மகாராஜாவின் நெற்றியில் வியர்வை பொடித்தது. தலையைத் திருப்பிக்கொண்டு, "வேண்டாம். போய்விடு" என்றார்.

எண்ணெய் வியாபாரியின் தலையை வாங்கத் துணிந்த மகாராஜா, ஒரு கூலிக்காரரின் கண்ணுக்குப் பயந்துபோனார். அன்றைக்கு அதிர்ந்த சபை நெடுநாள் வரை அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவில்லை.

அரண்மனை வாசலில் பிச்சம்மை தலைவிரி கோலமாக நின்றிருந்தார். புருஷன் தலையோடு வருவதைக் கண்டதும் அழுதார், திட்டினார், மறுபடி அழுதார். மறுநாள் குறித்த முகூர்த்தத்தில் எண்ணெய் வியாபாரி மகளின் கல்யாணம் நடந்தது, மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கத் தகப்பனும் இருந்தார்.

ஆகவே சின்னவர்களே, பெரியவர்களே, முக்கியமாக நரைத்த பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கப் போகிறவர்களே: பழைய வேலையில் கற்ற திறமையைப் புதுத் தொழிலுக்குக் கொண்டுபோகலாம், பழைய எஜமானை வாயில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது.