மூன்றாவது தட்டு

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே கேட்காதீர்கள். அதற்கு முன்னால் தண்ணீர் டேங்க்கைப் பார்த்தாக வேண்டும்.

நாகப்பட்டினத்து விசைப்படகு. ஐந்து பேர், பத்து நாள் கடலிலேயே தங்கல். எனக்கு எல்லார் குரலும் வரும். அதனால் படகில் என் பெயர் மைனா. முதலாளி குரலில் ஒருமுறை "வலையைத் தூக்குங்கடா" என்றேன். பாதித் தூக்கத்தில் இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள்.

என் குரு, படகின் டிரைவர் வைரக்கண்ணு. டீசல் டேங்க்கில் கம்பை விட்டு எடுப்பார். நனைந்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டு, இன்னும் எத்தனை மணி நேரம் ஓடும் என்பார். சொன்னால் சொன்னதுதான். அவரிடம் தொழில் கற்கத்தான் நான் ஏறியிருந்தேன்.

கிளம்பும் முன் குடிதண்ணீர் பிடித்தது நான். டேங்க்கின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி டியூப் உண்டு, உள்ளே எவ்வளவு என்று காட்ட. அதில் கழுத்துவரை தண்ணீர் தெரிந்தது. ஃபுல் என்று சொல்லிக் குழாயை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாளும் டியூபில் தண்ணீர் கழுத்திலேயே நின்றது. எவ்வளவு பெரிய டேங்க் என்று எனக்கே பெருமை.

அன்று காலை டிரைவர் தட்டிப் பார்க்க டேங்க் முன்னால் குந்தினார்.

"டியூப் இருக்கே, எதுக்குண்ணே தட்டிப் பாக்குறீங்க?"

என் கேள்விக்குப் பதிலாக விரலை மடக்கினார்.

நான் நழுவி டேங்க்குக்குப் பின்னால் ஒளிந்தேன். நிறைந்த டேங்க் 'தொம்' என்னும், காலி டேங்க் 'ணங்' என்னும். இரண்டும் எனக்கு அத்துப்படி. அவர் தட்டினார். நான் 'ணங்' என்றேன். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மறுபடி தட்டினார். மறுபடியும் 'ணங்'. மூன்றாவது தட்டுக்குச் சிரிப்பு முட்டியது; என்னால் குரல் கொடுக்க முடியவில்லை. துண்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினேன். அந்தத் தட்டுக்கும் அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் என்றார். குளியல் கடல் தண்ணீரில். உலைக்குப் பாதி கடல் தண்ணீர், உப்புப் போட வேண்டாம்.

சமையல் சிங்காரு நாள் முழுக்கப் புலம்பினார். அந்தப் புலம்பலை அவர் குரலிலேயே நான் திரும்பப் புலம்பினேன். நாக்கு ஒட்டியது, உதடு வெடித்தது. ஆனாலும் அந்தப் பெரிய மனுஷனை ஏமாற்றிவிட்டோம் என்ற குஷியில் தாகம்கூட இனித்தது. உண்மையை உடைக்க நல்ல நேரம் வரட்டும் என்று அடக்கிக்கொண்டேன்.

பத்தாம் நாள் கலங்கரை விளக்கம் தெரிந்தது. இதுதான் நேரம். பெரிய வாளியை எடுத்தேன். எல்லார் தலையிலும் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு விஷயத்தைச் சொல்வதாகத் திட்டம்.

டேங்க் குழாயைத் திறந்தேன்.

ஒரு டம்ளர் வந்தது. அப்புறம் காற்று வந்தது.

டியூபைப் பார்த்தேன். கழுத்துவரை தண்ணீர். விரலால் சுண்டினேன்; அசையவில்லை. அடியில் விரல் பருமனுக்குப் பாசி அடைத்திருந்தது; மேலே நின்றது என்றைக்கோ தேங்கிய தண்ணீர்.

டேங்க்கைத் தட்டினேன். என் குரலில் 'ணங்' என்றது.

சுக்கானைப் பிடித்தபடி டிரைவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாளியோடு பக்கத்தில் போய் நின்றேன்.

"அன்னைக்கு நான் டேங்க்குக்குப் பின்னாடி இருந்தது தெரியுமாண்ணே?"

"காலு ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப சத்தம் போட்டது நான்தான்னும்..."

"நல்லாத்தான் போட்டே. அசல் டேங்க் மாதிரியே."

"பொறவு ஏன் நம்புனீங்க?"

டிரைவர் இப்போதுதான் திரும்பினார்.

"மொத தட்டுக்கு நீ போட்டே. ரெண்டாவதுக்கும் நீ போட்டே. மூணாவதுக்கு யாருடா போட்டா?"