செம்பாயி கொண்டுவந்த கஞ்சி

“அம்மா, நான் ஊருக்குப் போறேன். இனி என்னால முடியாது” என்றார் பொன்னம்பலம்.

மலையடிவாரத்து மருத்துவச்சாலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். அதை நடத்திவந்த தவமணி அம்மையாரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் சீடராக வந்து சேர்ந்தவர்.

“என்ன முடியலை?”

“அவங்க வலி என்னை விட மாட்டேங்குது. நேத்து அந்தப் பொண்ணு என் மடியிலயே போயிட்டா. அதுலேருந்து சோறு இறங்கலை.”

அம்மையார் காலியாக இருந்த ஒரு கட்டிலைக் காட்டினார்.

“படுங்க.”

“நானா?”

“படுங்க.”

படுத்தார்.

அம்மையார் எதிர்க்கட்டில் பக்கம் திரும்பினார். அங்கே காலில் ஆறாத புண்ணோடு கிடந்தாள் செம்பாயி.

“செம்பாயி, இவரைப் பார்த்துக்கோ.”

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செம்பாயி கோலை ஊன்றி எழுந்தாள். நொண்டி நொண்டி அடுக்களைக்குப் போய், கஞ்சியோடு வந்தாள்.

பொன்னம்பலம் பதறி எழுந்தார். “நீ ஏன் எழுந்தே? கால் வலிக்குமே!”

அவர் கண் கலங்கிவிட்டது.

“கால் என்னுது. வலியும் என்னுது. கஞ்சிதான் உங்களுக்கு” என்றாள் அவள். “அழுதுக்கிட்டே குடிச்சா புரையேறும். கண்ணைத் துடைங்க.”

துடைத்தார். குடித்தார்.

“உப்பு போதுமா?”

“போதும்.”

“இன்னும் கொஞ்சம்?”

“ஊத்து.”

செம்பாயி சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

அப்படியே தூங்கிப்போனார். விழித்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

“ஐயா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“கட்டு மாத்தும்போது உங்க முகத்தைப் பார்ப்பேன். என்னைவிட நீங்கதான் துடிப்பீங்க. பாவம், இவரை ஏன் இன்னும் வதைக்கணும்னு, வலிக்குதுன்னே சொல்ல மாட்டேன்.”

பொன்னம்பலம் எழுந்தார்.

அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். வெந்நீர் கொண்டுவந்தார். அவள் காலை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

“எங்கே வலிக்குது?”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.

விளக்கேற்ற வந்த அம்மையார் வாசலில் நின்றார்.

“எப்போ கிளம்புறீங்க?”

பொன்னம்பலம் திரும்பவில்லை.

“இருங்கம்மா. செம்பாயி இன்னும் சொல்லி முடிக்கலை.”