ஒளித்து வைத்த படலம்

நசீமா குரு, தணிகைவேல் சீடர். குருவைவிடச் சீடர் ஏழெட்டு வயது மூத்தவர். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வந்திருந்தார். அதனால் அந்த ஆய்வகத்தில் குரு சீடரைச் 'சார்' என்பார், சீடர் குருவை 'மேடம்' என்பார். மரியாதைக்கு அங்கே குறைவில்லை. காந்தம்தான் சொன்னபடி கேட்கவில்லை.

சார் வளர்த்தது காந்தக் குறைக்கடத்திப் படலம். படிகத் தகட்டின் மேல், தகட்டின் அதே ஒழுங்கில், அணு அணுவாக ஏறியது. அதன் காந்தத் திசை எப்போதும் படலத்தோடு படுத்தே கிடந்தது. அதை எழுப்பி நிறுத்த வேண்டும். நின்றால்தான் கணினி நினைவகத்தில் நெருக்கி அடுக்கலாம். சார் சூட்டை மாற்றினார், கலவையை மாற்றினார். அது அசையவில்லை. பிடிவாதத்தில் அவரும் அதற்கு இளைத்தவர் இல்லை.

"வளர்றப்ப நிமிரலைன்னா, வளர்ந்தப்புறம் அடிச்சுப் பார்ப்போம்" என்றார் நசீமா.

அடி என்பது அயனிக் கற்றை. துகள் முடுக்கி என்ற பெரிய எந்திரத்திலிருந்து பாய்ந்து வந்து, அணுக்களை இடம்பெயர்த்து, படலத்துக்குள் சின்னச் சின்னக் கோளாறுகளை உண்டாக்கும். அந்தக் கோளாறுகளால் காந்தம் திசை மாறலாம்.

"பசங்களையே அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு மேடம்."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்க சார்."

கற்றை லேசில் கிடைக்காது. பல ஊர் ஆராய்ச்சிக்காரர்கள் அதற்குக் காத்துக் கிடக்கிறார்கள். சாருக்கு இரண்டு முறை கிடைத்தது, இரண்டு முறையும் முடிவு குழம்பிப்போனது. அடுத்த முறை வந்தபோது விடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. இதுவும் போனால் பட்டமில்லாமல் கல்லூரிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நசீமா பழைய வரைபடங்களைப் பார்த்தார்.

"இந்தக் கோளாறு அயனி செஞ்சதா, படலம் பொறக்கிறப்பவே இருந்ததா?"

"தெரியலை மேடம்."

"எந்தப் படலத்தை அனுப்புனீங்க?"

சார் தயங்கினார். "சுமாரானதை."

"நல்லது இல்லையா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. அது மாதிரி மறுபடி வளரவே இல்லை. அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

"மாப்பிள்ளையை வீட்டுல ஒளிச்சு வச்சுட்டு, மாப்பிள்ளைத் தோழனை மணமேடைக்கு அனுப்பியிருக்கீங்க."

சாருக்குச் சுருக்கென்றது. ஈரம் புகாத கண்ணாடிக் கலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே அந்தப் படலம் ஒரு கீறல்கூட இல்லாமல் மின்னியது.

"இதைப் பாருங்க. பழுதே இல்லாத பொருள். பழுதில்லாததைப் பழுதாக்கினா எப்படி மேடம் நல்லதாகும்?"

நசீமா கலத்தைத் தன் பக்கம் இழுத்தார். மூடியைத் திறந்தார். படலத்தை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தார். வைர முனைப் பேனாவால் ஓரத்தில் கீறி, அழுத்தினார்.

டிக்.

இரண்டு பாதிகளையும் சேர்த்துத் திருப்பி வைத்து, மறுபடியும் கீறி அழுத்தினார். இன்னொரு டிக்.

"மேடம்!"

சாரின் கண்கள் கலங்கிவிட்டன. அவர் அதை மறைக்கவும் இல்லை. கண்ணாடிமேல் நான்கு துண்டுகள் கிடந்தன. விளிம்புகள் அளவுகோல் வைத்ததுபோல் நேராக இருந்தன.

"ஒண்ணை அடிக்காம வைங்க, ஒப்பிட்டுப் பார்க்க. மத்ததெல்லாம் கற்றைக்கு. ஒண்ணுக்கு லேசா, ஒண்ணுக்கு நடுத்தரமா, ஒண்ணுக்குப் பலமா."

அன்று சாருக்கு ஒரே கோபம். ஆனாலும் மூட்டையைக் கட்டிக்கொண்டு முடுக்கிக்குப் போனார். ஒவ்வொரு துண்டும் கற்றைக்கு முன்னால் இருந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தார்.

திரும்பி வந்ததும் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜூஸ் ஸ்ட்ராவுக்குள் செருகி, காந்தமானியின் உறைகுளிரில் இறக்கி அளந்தார். அந்த வேலைக்கு ஸ்ட்ராவைவிட நல்ல கருவியை யாரும் கண்டுபிடிக்கவில்லை. லேசாக அடிபட்டது படுத்தே கிடந்தது. பலமாக அடிபட்டதில் காந்தமே செத்துப்போயிருந்தது.

நடுத்தர அடி வாங்கியது நின்றது. அடிபடாத துண்டு பழையபடி படுத்திருந்ததால், நிறுத்தியது அயனிதான் என்பதில் சந்தேகம் இல்லை.

சார் அந்தத் துண்டோடு ஓடிவந்தார்.

"நின்னுடுச்சு மேடம்!"

நசீமா எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு கேட்டார்: "சூடு பட்டா மறுபடி படுத்துடுமா? ஆய்வேட்டைப் படிக்கிற தேர்வாளர் முதல்ல அதைத்தான் கேப்பார்."

சாருக்குப் புரிந்தது. துண்டை இரண்டாக்கி, பாதியைச் சூடாக்க வேண்டும், பாதியை அப்படியே வைக்க வேண்டும். நசீமா வைர முனைப் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

சார் அதை எடுத்தார். கை நடுங்கியது.

"அன்னிக்கு உங்களுக்குக் கை நடுங்கவே இல்லையே மேடம். எப்படி?"

"நடுங்குச்சு சார். நான் போட்ட கீறல் கோணல்தான். தன் ஒழுங்குப்படி நேரா உடைஞ்சது உங்க படிகம்."

சார் நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். நின்ற துண்டைக் கண்ணாடிமேல் வைத்து, பேனா முனையை அதன் ஓரத்தில் பதித்தார்.