கதவைத் திறந்த டவாலி

மாசிலாமணிக்கு அறுபத்தெட்டு வயது. அவருடைய ஆசிரியை ஜுலைகாவுக்கு முப்பத்தாறு. அமெரிக்காவில் ஒரு சிற்றூர் நூலகத்தின் பின்னறையில், குடியுரிமைத் தேர்வுக்கு ஜுலைகா தமிழில் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் தேர்வு. மாசிலாமணி ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருந்தார். இந்த முறையும் தோற்றால் மனு தள்ளுபடி. அவர் மனைவி முதல் தடவையிலேயே தேறியவள். ஒரே ஒரு தேர்தலில் வாக்களித்தாள். அடுத்த தேர்தலுக்கு அவள் இல்லை. அவள் நின்ற வரிசையில் தானும் ஒருமுறை நிற்க வேண்டும் என்பதுதான் மாசிலாமணியின் ஆசை.

"சட்டம் இயற்றுறது யாரு?"

"காங்கிரஸ்."

"அதிபருக்குப் பிடிக்கலைன்னா?"

"கையெழுத்துப் போடாம திருப்பி அனுப்பலாம்."

"சட்டம் அரசியல் சாசனத்தை மீறினா?"

"கோர்ட்டு தள்ளிரும்."

மடமடவென்று சொன்னார்.

"சாசனத்தோட முதல் மூணு வார்த்தை?"

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார். போன தடவையும் இதே கேள்விதான். அன்று அதற்குப் பிறகு கேட்ட எதுவும் அவர் காதில் விழவில்லை.

ஜுலைகா பலகையில் ஆங்கிலத்தில் எழுதினார்: 'வீ த பீப்பிள்.'

"தெரியாம இல்ல, டீச்சரம்மா. இந்த 'வீ' இருக்கே, அது நாங்களா, நாமா?"

ஜுலைகா சாக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நாங்கன்னா நான் அதுல இல்ல. நாமன்னாதான் இருக்கேன். இதை எழுதினப்போ அடிமைங்க இதுல இருந்தாங்களா?"

"இல்லை."

"பொம்பளைங்க?"

"ரொம்ப காலம் ஓட்டு இல்லை."

"அப்ப நாங்கதானே? கலெக்டர் ஆபீசு வாசல்ல முப்பத்தொரு வருஷம் டவாலியா நின்னவன் நான். பெரியவங்க வந்தா கலெக்டர்கிட்ட உத்தரவு கேட்டுக் கதவைத் திறப்பேன். உள்ளே அவங்க எல்லாம் நாங்க, நாங்கன்னுதான் பேசுவாங்க. அந்தச் சொல்லை நான் எந்த வாயால சொல்றது?"



ஜுலைகா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளிருந்து மட்டுமே திறக்கிற கதவு அது.

"இப்ப பலகையில இருக்கறதைத் தமிழ்ல படிங்க ஐயா" என்றார் வெளியிலிருந்து.

"மக்களாகிய நாங்கள்."

"சரிதான். நான் வெளியேதானே நிக்கிறேன்."

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மாசிலாமணி சும்மா இருந்தார். மறுபடியும் தட்டினார் ஜுலைகா. அவர் எழுந்து போய்க் கதவின் பிடியில் கை வைத்தார். பழக்கதோஷம், உத்தரவு கேட்க உள்ளே திரும்பிப் பார்த்தார்.

அறையில் வேறு யாரும் இல்லை.

பிறகு கதவைத் திறந்தார்.

"வாங்க" என்றார்.

ஜுலைகா உள்ளே வந்தார்.

"இப்ப படிங்க."

"மக்களாகிய... நாம்."

"பலகையில எழுத்து மாறிச்சா?"

"இல்லம்மா."

"பின்ன, மாத்தினது யாரு?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். அவர் கை இன்னும் கதவின் பிடியில்தான் இருந்தது.