தூங்குகிறவர் சம்மதம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் மருத்துவ அறநெறிப் பேராசிரியை வடிவம்மையின் வகுப்பு. இருபது வருஷமாக, மின்விசிறி தாலாட்ட, மொத்த வகுப்பும் கனவுக்குள் போய்விடும்.

ஒருநாள் தலைமை சர்ஜன் ராஜவேலு அவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டார். குடலிறக்கத்துக்கு வந்த சுடலை, மயக்க மருந்தில், ஆற்றில் மிதப்பவர்போல் கிடந்தார்.

"இவருக்கு நான் கண்டுபிடிச்ச புது முறையில செஞ்சு பார்க்கப்போறேன். சம்மதிச்சாருன்னு கையெழுத்துப் போடுங்கம்மா."

வடிவம்மை சுடலையின் வாயருகே காதை வைத்தார். "சரிங்கிறார் சார். ஆனா முதல்ல உங்களுக்குச் செஞ்சு பார்க்கணுமாம்."

"மயக்கத்துல கிடக்கிறவன் பேசுவானா?" என்று சீறினார் ராஜவேலு.

"மாட்டார் சார். இருபது வருஷமா தூங்குறவங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன். ஒருத்தர்கூட இதுவரைக்கும் சரின்னு சொன்னதில்லை."

நர்ஸின் முகக்கவசம் குலுங்கியது. ராஜவேலு படிவத்தை மடித்துவைத்துவிட்டு, பழைய முறையிலேயே தைத்தார்.