அதிகாரியின் அழைப்பை யார் எடுப்பது?

ஆவரங்காட்டுப் பால் சங்கத்துக்காரர்களை மடையர்கள் என்று அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லுமளவுக்கு விவரமான ஆள் ஊரில் இருந்தால்தானே!

சங்கத் தலைவர் மாடக்கண்ணுவுக்கு அந்தக் கோடையில் தூக்கமே இல்லை. வண்டி வருவதற்குள் பால் திரிந்துபோகிறது. மாடு வைத்திருக்கிறவர்கள் அவரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பாலைக் கெடாமல் குளிர வைக்கும் குளிர்தொட்டியோ மாவட்டத்துக்கே ஒன்றுதான் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் பெரிய அதிகாரி வீடியோவில் கூப்பிடுவார், எடுத்துப் பேசினால் தொட்டி உங்களுக்கு, இல்லையென்றால் பக்கத்து ஊருக்கு என்று தகவல் வந்தது. கூடவே கேமரா வைத்த இரண்டு பெட்டிகளும் வந்து இறங்கின.

ஒன்றை மாடக்கண்ணுவின் அறையில் வைத்தார்கள். இன்னொன்றை முற்றத்துக்கு அந்தப் பக்கம், பொருளாளர் உலகண்ணனின் அறையில் வைத்தார்கள். முற்றத்தின் குறுக்கே ஒரு வயர் ஓடியது. மற்றதையெல்லாம் டவுனிலிருந்து இன்ஜினியர் போனிலேயே சொல்லிக்கொடுத்தார்.

"முதல்ல பெட்டியை சர்வர்ல பதியணும். பொத்தானை அமுக்குங்க. பச்சை விளக்கு எரியிற வரைக்கும் விரலை எடுக்காதீங்க."

செயலாளர் துரைப்பழம் அமுக்கினார். விளக்கு எரிந்தது. விரல் அசையவில்லை.

"இது பச்சையா அண்ணாச்சி?"

மாடக்கண்ணு குனிந்து பார்த்தார். "கிளிப்பச்சைலா எரியுது. அவரு வெறும் பச்சைன்னுதான சொன்னாரு?"

வெறும் பச்சை வரட்டும் என்று காத்திருந்தார்கள். மத்தியானம் துரைப்பழத்துக்குச் சோறு ஊட்டிவிட வேண்டியதாயிற்று. கடைசியில் இன்ஜினியரே கூப்பிட்டு, "அது காலையிலேயே பதிஞ்சிருச்சுங்க, விரலை எடுங்க" என்று கெஞ்சினார்.

"இனி கால் வர வழி போடணும். முதல்ல தலைவர் பெட்டிக்கு வரும். அவர் எடுக்கலைன்னா தானா பொருளாளர் பெட்டிக்குப் போயிடும். சரிதானே?"

உலகண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அவரு வேண்டாம்னு விட்ட காலை நான் எடுக்கணுமோ? மிச்சம் மீதி பொறுக்கவா நான் சங்கத்துக்கு வந்தேன்?"

மாடக்கண்ணு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொட்டி வருகிற நேரத்தில் சங்கம் உடையலாமா? "முதல் மரியாதை உமக்கே இருக்கட்டும் வே. உம்ம பெட்டிக்கே முதல்ல வரட்டும்."

உலகண்ணன் உருகிப்போனார். "தலைவர் இருக்கையில நான் எடுப்பனா? வந்த கையோட உங்களுக்குத் தள்ளி விட்ருவேன்."

"எனக்கு வந்தா நான் உமக்குத் தள்ளுவேன். நீரு எடுக்காம நான் எடுக்க மாட்டேன். இது சத்தியம்."

"எனக்கும் அதே சத்தியம்தான் அண்ணாச்சி!"

இன்ஜினியர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. மாடக்கண்ணு அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார். இருவரும் சொன்னபடியே, இது எடுக்காவிட்டால் அதற்கும் அது எடுக்காவிட்டால் இதற்கும் கால் போகும்படி துரைப்பழம் இரண்டு பெட்டியிலும் வழி போட்டு முடித்தார்.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அடித்து ஓய்ந்ததும் இங்கே மாடக்கண்ணுவின் அறையில் அடித்தது. இங்கே ஓய்ந்ததும் மறுபடி அங்கே.

"நீரு எடும் வே!" என்று மாடக்கண்ணு கத்தினார்.

"நீங்க எடுங்க அண்ணாச்சி!" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

மாடக்கண்ணு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட்டி கைவிட்டுப் போகப்போகிறதே என்று அழுகையே வந்தது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே. கொஞ்ச நேரத்தில் இரண்டு பெட்டியும் அடங்கிவிட்டன.

எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள்.

"அதிகாரி ஐயா எங்க போயிட்டாவ?" என்றார் மாடக்கண்ணு.

துரைப்பழம் நெற்றியைச் சுருக்கி வயரைப் பார்த்தார். "உங்ககிட்டயும் வரல, அவர்கிட்டயும் வரல. ஓடி ஓடிக் களைச்சு நடு வயர்ல உக்காந்திருப்பாவ."

இதைவிடத் தெளிவான பேச்சை மாடக்கண்ணு தன் ஆயுளில் கேட்டதில்லை. ஒரு பால் கேனைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். வயரை நடுவில் அரிவாளால் அறுத்து, முனையைக் கேனுக்குள் விட்டு, அதிகாரி நிதானமாக இறங்கட்டும் என்று ஒதுங்கி நின்றார்கள். பிறகு மாடக்கண்ணு கேனுக்குள் குனிந்து கைகூப்பினார்.

"ஐயா, வணக்கம். தொட்டியை எங்களுக்கே தரணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

கேன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மாடக்கண்ணுவுக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. மூடியை மெதுவாகப் போட்டு, பாலுக்கு வாங்கிவைத்த ஐஸ் முழுவதையும் கேனைச் சுற்றி அடுக்கச் சொன்னார். பால் கேன்களெல்லாம் வெயிலில் நின்றன.

வண்டி வந்தது. கேனைத் தன் கையாலேயே தூக்கி ஏற்றிவிட்டு, மாடக்கண்ணு டிரைவரிடம் சொன்னார்:

"ஆபீசுல பத்திரமா இறக்கி விட்ரு தம்பி. மேடு பள்ளம் பாத்து ஓட்டு. ஐயா உள்ள நின்னுக்கிட்டே வாராவ."